கோட்டுப் போட்ட கானா



இந்த மாதம் சுவர் இதழுக்கு 'எனக்குப் பிடித்த கலைஞர்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். எங்கள் வகுப்பில் எல்லாரும் சினிமா நடிகர், சினிமா பாடகி என்றுதான் எழுதிக்கொண்டு இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஒரு ஆள் இல்லை. பத்தொன்பது பேர். அவர்கள் ஒரு பாட்டுக் குழு. பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. சாதி இல்லாதவர்களின் கூட்டம் என்று அர்த்தம்.

பெயரைச் சொன்னதும் பக்கத்து பெஞ்ச் தோழி, "யாருடி அது? எந்தப் படத்துல பாடியிருக்காங்க?" என்று கேட்டாள். இதுதான் பிரச்சினை. நம்ம ஊரில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டுதான். படத்தில் வரவில்லை என்றால் அது பாட்டே இல்லை என்று நினைக்கிறோம். அதனால்தான் இவ்வளவு நல்ல குழுவை நம் பள்ளியில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

முதலில் குழு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், டென்மா என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து 2017-ஆம் ஆண்டுக் கடைசியில் இதைத் தொடங்கினார்கள். பாடுகிறவர்கள், மேளம் அடிக்கிறவர்கள், ராப் சொல்கிறவர்கள் என்று நிறைய பேரை வரவழைத்து, பாடச் சொல்லிக் கேட்டு, அதில் 19 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முதல் கச்சேரி நடந்தது. நம்ம குமணன்சாவடியில் பஸ் ஏறி, பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்து, கோயம்பேடு, அமைந்தகரை தாண்டினால் கீழ்ப்பாக்கம். அவ்வளவு பக்கம். ஆனால் அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்தப் பெயரும் சும்மா வைத்தது இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் என்று ஒருவர் இருந்தார். 1845-இல் பிறந்து 1914-இல் இறந்தவர். 1907-இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அப்போதே சாதி பேதம் இல்லாத தமிழர்கள் என்று எழுதியவர் அவர். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் எழுதிய வார்த்தையை எடுத்து ஒரு பாட்டுக் குழுவுக்குப் பெயராக வைத்தார்கள் என்றால் ஆச்சரியம்தானே?

இப்போது அவர்கள் பாட்டைப் பற்றி. இது என்ன வகைப் பாட்டு என்று கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லவே முடியாது. ஒரு பாட்டு கானாவாகத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் எலக்ட்ரிக் கிடார் வந்து ராக் ஆகிவிடும். நடுவில் ஒருவர் மூச்சு விடாமல் ராப் சொல்வார். பின்னால் பறையும் சட்டியும் போட்டுத் தாக்கும். அடுத்த பாட்டைக் கேட்டால் இதே குழுவா என்று சந்தேகம் வரும். இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, அம்பேத்கரைப் பற்றி ஒரு பாட்டு, வடசென்னையைப் பற்றி ஒரு பாட்டு. பாடப்புத்தகத்தில் படித்தால் தூக்கம் வருகிற விஷயத்தைக் கூட இவர்கள் பாடினால் கால் தானாகத் தாளம் போடுகிறது.

கானா என்பது வடசென்னையில் உழைக்கிற மக்களின் பாட்டு. சாவு வீட்டில் ராத்திரி முழுக்க இறந்தவரைப் பற்றிப் பாடுவார்கள். பதினாறாம் நாளிலும் பாடுவார்கள். ராப் 1970-களில் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் கருப்பின இளைஞர்கள் தெருவில் தொடங்கியது. இரண்டும் எங்கேயோ எங்கேயோ பிறந்தவை. ஆனால் சேர்த்து வைத்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன. இரண்டுக்குமே பெரிய வாத்தியம் வேண்டாம். வாயும், தாளமும், சொல்ல ஒரு கஷ்டமும் இருந்தால் போதும்.

குழுவில் ராப் சொன்னவர்களில் ஒருவர் அறிவு. அவர் ஊர் அரக்கோணம். நம்ம ஆவடி, அம்பத்தூர் வழியாகத் தினமும் அரக்கோணம் ரயில் போகிறதே, அந்த அரக்கோணம்தான். 2019-இல் 'தெருக்குரல்' என்று ஒரு ஆல்பமும் வெளியிட்டார். டென்மா பிறகு 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' (2019), 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) என்ற படங்களுக்கு இசையமைத்தார். ஆகவே படத்துப் பெயர் கேட்ட தோழிக்கும் பதில் கிடைத்துவிட்டது!

பாடகிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் இசைவாணி அக்கா. வடசென்னைக்காரர். 19 பேர் மேடையில் நின்ற அந்தக் குழுவில் அவர் ஒருவர்தான் பெண். கானா என்றாலே ஆண்கள் பாடுவது, ராத்திரியில் பாடுவது, பெண்பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதை அவர் உடைத்தார். 2020-ஆம் ஆண்டு பி.பி.சி. நிறுவனம் உலகம் முழுவதிலும் இருந்து தேர்ந்தெடுத்த நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் வந்தது. சாவு வீட்டுப் பாட்டு என்று தள்ளி வைத்த பாட்டைப் பாடித்தான் அவருக்கு அந்த இடம் கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்கிறேன்.

அடுத்து அவர்கள் உடை. முதல் கச்சேரியின் வீடியோவைப் பார்த்தால் எல்லாரும் கோட்டு சூட்டுப் போட்டு நிற்கிறார்கள். கானா பாடுகிறவர், மேளம் அடிக்கிறவர் எல்லாருமே. எனக்கு உடனே வகுப்பறையில் மாட்டியிருக்கும் அம்பேத்கர் படம்தான் நினைவுக்கு வந்தது. அவரும் அப்படித்தான் கோட்டோடு இருப்பார்.

இதைப் பற்றி எங்கள் ஆங்கில மிஸ்ஸிடம் கேட்டேன். "உடையும் பாட்டில் ஒரு பகுதிதான்மா" என்றார்கள். 1970-களில் இங்கிலாந்தில் கிளாம் ராக் என்று ஒரு வகை இருந்ததாம். ஆண்களே முகத்தில் மேக்கப் போட்டு, ஜிகினா உடை போட்டுப் பாடுவார்களாம். டேவிட் போவி என்பவர் 1972-இல் சிவப்பு முடியோடு வேற்றுக் கிரக ஆள் மாதிரி வேஷம் போட்டுப் பாடினார். பிறகு அந்த வேஷத்தையும் விட்டார், பாட்டு வகையையும் மாற்றினார். மாற்றிக்கொண்டே இருந்தார். ராக்சி மியூசிக் என்ற குழுவும் அதே வருஷம் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அதில் பாடிய பிரையன் ஃபெரி கல்லூரியில் ஓவியக்கலை படித்தவராம்.

மிஸ் சொன்னதைக் கேட்டதும் எனக்கு நம்ம பக்கத்துத் தெருக்கூத்துதான் ஞாபகம் வந்தது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ஆண்களே பாஞ்சாலி வேஷம் கட்டுவார்கள். முகத்தில் அரிதாரம், தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, அதில் பளபளவென்று கண்ணாடிச் சில்லு. விடிய விடியப் பாட்டு. இங்கிலாந்துக்காரர்கள் ஜிகினா போடுவதற்கு எவ்வளவோ காலம் முன்னாலேயே நம்ம ஊரில் இது இருக்கிறது. வேஷம் கட்டினால்தான் சாதாரண ஆள் ராஜாவாக நின்று பேச முடியும். அதனால்தான் கட்டுகிறார்கள். கோட்டும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

இதுவரை எழுதியது எல்லாம் யாரும் எழுதலாம். இனி எழுதுவது நான் மட்டும்தான் எழுத முடியும். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மேளம் அடிப்பவர். கல்யாண மேளம் இல்லை. சாவு மேளம். சட்டியும் அடிப்பார், பறையும் அடிப்பார். காட்டுப்பாக்கம், மாங்காடு, பூந்தமல்லி, எங்கே சாவு விழுந்தாலும் அவர் செட்டுக்குப் போன் வரும். போனவுடனே கொஞ்சம் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். மழை நாளில் தோல் தொளதொளவென்று ஆகிவிடும், சத்தமே எழும்பாது. பறைக்கு இரண்டு குச்சி. நீளமாக மெல்லிசாக இருப்பது சிம்புக்குச்சி, குட்டையாகத் தடியாக இருப்பது அடிக்குச்சி. இதெல்லாம் எனக்கு ஆறு வயசிலேயே தெரியும். ஆனால் பள்ளியில் யார் கேட்டாலும், "மாமா கம்பெனியில வேலை செய்றார்" என்றுதான் சொல்லி வந்தேன்.

போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம் மழை வருகிற மாதிரி இருந்தது. மாமா வேலை முடிந்து அந்த வழியாக வந்தவர், என்னைக் கூட்டிப் போகலாம் என்று பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தினார். வண்டி பின்னால் சட்டி கட்டியிருந்தது. கழுத்தில் வாடின மாலை, சட்டையெல்லாம் பூ இதழ். என்கூட வந்தவர்களில் ஒருத்தி, "ஏய், சாவு மோளம் வந்திருக்குது, யார் செத்தாங்க?" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா என்னைப் பார்த்தார். நான் அவரைத் தெரியாத மாதிரி தலையைக் குனிந்துகொண்டு மெட்ரோ தூண் பக்கமாக நடந்து போய்விட்டேன். நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மாமா என்னைத் திட்டுவார் என்று பயந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகு, "இங்க வா பாப்பா, ஒண்ணு காட்றேன்" என்று கூப்பிட்டு செல்போனில் ஒரு வீடியோ போட்டார். அதுதான் அந்தக் கீழ்ப்பாக்கம் கச்சேரி. பெரிய மேடை, கலர் கலரா லைட்டு, கீழே ஆயிரக்கணக்கான ஜனம். நடுவில் கோட்டுப் போட்டுக்கொண்டு சட்டி அடிக்கிறார்கள். "பாத்தியா, அது நம்ம அடிதான். சாவுக்கு அடிக்கிற அதே அடி. ஜனம் எப்படி ஆடுது பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வாசலில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த மேடையில் இருப்பவர்கள் பாட்டை எத்தனை விதமாகவோ மாற்றுகிறார்கள். ராக் ஆக்குகிறார்கள், ராப் ஆக்குகிறார்கள். ஆனால் மேளம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் மறைக்கவே இல்லை. நான் ஒன்றையும் மாற்றவில்லை. மறைக்க மட்டும் செய்தேன். இசைவாணி அக்கா சாவு வீட்டுப் பாட்டைப் பாடி உலகப் பட்டியலில் இடம் பிடித்தார். நான் சாவு வீட்டு மேளத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்தேன்.

அதற்குப் பிறகுதான் அவர்கள் பாட்டை ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாமே எனக்குப் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சில பாட்டில் கிடார் சத்தத்தில் வார்த்தையே புரியாது. சில ராப் இரண்டு மூன்று முறை கேட்டால்தான் விளங்கும். ஆனால் அலுப்பு மட்டும் தட்டாது. ஒரே டியூனைத் திருப்பித் திருப்பிப் போடுகிறவர்கள் இல்லை அவர்கள்.

டிசம்பர் மாதம் என்றால் மயிலாப்பூர், தி. நகர் பக்கம் சபாக்களில் கர்நாடக சங்கீதக் கச்சேரி நடக்கும். நாளிதழில் எல்லாம் போடுவார்கள். நீலம் பண்பாட்டு மையம் 2020-இல் அதே மாதத்தில் 'மார்கழியில் மக்களிசை' என்று ஒரு விழாவைத் தொடங்கியது. பறை, கானா, நாட்டுப்புறப் பாட்டு, ஒப்பாரி எல்லாவற்றுக்கும் அதில் மேடை. எங்க மாமா, "ஒரு தடவையாவது போவணும் பாப்பா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆனால் மேளக்காரருக்கு லீவு ஏது? சாவு நாள் பார்த்தா வருகிறது?

தோழிகளே, என்னோடு அன்றைக்குச் சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனாலும் சிரித்தேன். ஆகவே தப்பு என் மேல்தான் அதிகம். இனி யாராவது கேட்டால், என் மாமா மேளம் அடிக்கிறார் என்றே சொல்வேன். பள்ளிக் கலைத் திருவிழாவுக்கு நாம் எப்போதும் சினிமாப் பாட்டுக்கே ஆடுகிறோம். இந்த முறை பறை அடிக்கலாமா என்று தமிழ் ஐயாவிடம் கேட்டிருக்கிறேன். "சொல்லிக் கொடுக்க ஆள் இருக்காம்மா?" என்று ஐயா கேட்டார்கள். இருக்கிறது என்று சொன்னேன். பெண்கள் ஐந்தாறு பேர் பெயர் கொடுத்தால் போதும். விருப்பம் உள்ளவர்கள் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

மாமாவிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. வாய் வரவில்லை. அவருக்கு அவ்வளவாகப் படிக்கவும் வராது. இந்தத் தாளைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் இன்று ராத்திரி வீட்டில் அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி