டைல்ஸுக்கும் சொத்தை

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் பல்லின் மேல்பூச்சுக்கும் பீங்கான் மேல் பளபளக்கும் கண்ணாடிப் பூச்சுக்கும் ‘எமாய்’ என்று ஒரே சொல். இரண்டிலும் சொத்தை விழும்!

தருமபுரி வீட்டுச் சமையலறைச் சுவரில் இருப்பது மறைந்த என் மனைவி தேர்ந்தெடுத்த டைல்ஸ். ஒன்றில் குண்டூசித் துளைகள். மஞ்சள் கறை ஏறியிருந்தது. பெயர்த்துவிடலாம் என்றார் கொத்தனார். அந்த நிறத்துக்கு இனி எங்கே போவது?

சூளையில் மண்ணிலிருந்து கிளம்பும் வாயு பூச்சைத் துளைக்கும். ஆறுவதற்குள் மூடாவிட்டால் துளை நின்றுவிடும். சூளைக்காரர்கள் அதில் பூச்சுக் குழம்பை வைத்து மறுபடி சுடுவார்கள். சுவரில் பதித்ததை எப்படிச் சுடுவது? பிளீச்சிங் பவுடர் கரைசலால் கறையை எடுத்து, நன்றாகக் காயவிட்டு, எபாக்சியில் நிறப்பொடி கலந்து பல்குத்தும் குச்சியால் அடைத்தேன். இறுகுமுன் பிளேடால் வழித்தாயிற்று. வெள்ளை சிமெண்ட் வேண்டாம், கறையைக் குடிக்கும். அடுப்பை ஒட்டிய டைல்ஸுக்கு எபாக்சியும் ஆகாது, சூட்டில் மஞ்சளாகிவிடும்.