வின்செஸ்டரும் மாமாவோட டபுள் பேரலும்

நவம்பர் வந்துட்டா எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் கையில பிடிக்க முடியாது. பென்சில்வேனியாவில மான் வேட்டை சீசன். தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழமை ரைபிள் சீசன் ஆரம்பம். இங்க அது தீபாவளி மாதிரி. பக்கத்து சீட் நண்பர் 2025 சீசனுக்குத் தோட்டா வாங்கக் கிளம்பினப்போ "சும்மா வாயேன்"னு என்னையும் இழுத்துட்டுப் போனார். நான் தயிர்சாத பார்ட்டி. போனது வேடிக்கை பார்க்கத்தான்.

அங்க சுவத்துல மாட்டியிருந்த ஒண்ணைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டேன். வின்செஸ்டர் 1895!

பொள்ளாச்சியில ஸ்கூல் படிக்கும்போது லைப்ரரியில கென்னத் ஆண்டர்சன் புத்தகங்களை மாத்தி மாத்தி எடுத்துப் படிச்சவன் நான். பெங்களூர்க்காரர். சேலம், தர்மபுரிக் காடுகள்ல ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைஞ்ச மனுஷன். அவர் கையில இருந்தது இதே 1895தான், .405 காலிபர். கண்ணால பார்ப்பேன்னு நினைச்சதே இல்லை.

நண்பர் விஷயம் தெரிஞ்சவர். ஜான் பிரவுனிங் வடிவமைச்ச லீவர் ரைபிள் இது. அதுக்கு முந்தைய லீவர் ரைபிள்கள்ல தோட்டாக்கள் குழலுக்கு அடியில ஒரு டியூப்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்கும். கூர்மூக்குத் தோட்டா போட்டா, அந்த மூக்கு முன்னாடி இருக்கிற தோட்டாவோட பின்பக்கத்தை இடிச்சு வெடிக்கிற ஆபத்து உண்டு. 1895ல தோட்டாக்களை ஒண்ணு மேல ஒண்ணா பெட்டியில அடுக்கிட்டாங்க. பிரச்சினை தீர்ந்தது. முதல் உலகப்போர்ல ரஷ்ய ராணுவம் இதை லட்சக்கணக்கில வாங்கியிருக்கு. 1940 வாக்கில தயாரிப்பு நின்னு, 1980கள்ல பிரவுனிங் பேர்ல திரும்ப வந்து, அப்புறம் வின்செஸ்டர் பேரிலேயே வந்தது. திரும்ப வந்ததைச் செஞ்சது ஜப்பான்ல, மிரோக்கு கம்பெனி.

மறுபிறவி எடுத்த துப்பாக்கிக்கு காலிபரும் விதவிதமா வந்தது: .30-06, .30-40 கிராக், .270, அப்புறம் நம்ம .405. காலிபர்னா குழலோட உள்விட்டம், அங்குலக் கணக்குல. .30-06ங்கிறதுல பின்னாடி இருக்கிற 06, அந்தத் தோட்டா வந்த வருஷம், 1906. .405 தோட்டா 1904ல வந்தது. 300 கிரெய்ன், அதாவது 19 கிராமுக்கு மேல ஈயம். தியோடர் ரூஸ்வெல்ட் 1909ல ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குக் கொண்டுபோனது இதைத்தான். "மானுக்கு .270 போதும், கரடிக்கு .405"னு நண்பர் மெனுகார்டு வாசிக்கிற மாதிரி சொல்லிட்டு இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்கு போன் போட்டேன். அம்மாவோட தம்பி. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை பக்கம் தோட்டம். மேப்ல கேரளா, பேச்சுல தமிழ். மாமாகிட்ட லைசென்ஸ் துப்பாக்கி உண்டு, பன்னிரண்டு போர் டபுள் பேரல். ஆர்வமா ரைபிள் கதையைச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு மாமா சொன்னது:

"கண்ணு, என்ற துப்பாக்கி ஸ்டேஷன்ல கெடக்குது. பன்னி தோட்டத்துல கெடக்குது."

உள்ளாட்சித் தேர்தல். பாலக்காட்டுல 2025 டிசம்பர் 11 ஓட்டு. தேர்தல்னாலே லைசென்ஸ்காரங்க துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்வாங்க. சரியான ஏற்பாடுதான், குறை சொல்லலை. ஆனா ஒரு கூத்து பாருங்க. 2022 மே மாசம் கேரள அரசு, தொல்லை பண்ற காட்டுப்பன்னியைச் சுட உத்தரவு போடற அதிகாரத்தைப் பஞ்சாயத்து பிரசிடென்ட்டுக்கே கொடுத்தது, அப்புறம் நீட்டிச்சாங்க. சுடறது மாமா மாதிரி லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க. விஷம், வெடி, கரண்ட் எதுவும் கூடாது. இப்ப உத்தரவு போடற பதவிக்கே தேர்தல், சுடற துப்பாக்கியோ பீரோவுக்குள்ள. பன்னிக்கு நடத்தை விதி எல்லாம் கிடையாதே! சேனை, மரவள்ளி, அந்த வருஷம் வச்ச தென்னங்கன்னு எல்லாத்தையும் மூக்கால உழுது போட்டிருக்கு. மாமாவுக்கு வயசு எழுபது. ராத்திரி டார்ச்சும் தகரடப்பாவுமா நின்னிருக்கார்.

"ஏங்க மாமா, ஒரு ரைபிள் வாங்கியிருக்கலாமே"ன்னு கேட்டேன். மண்டூகக் கேள்வி. இந்தியாவில சாதாரண ஆள் வாங்கக்கூடிய ரைபிள் பெரும்பாலும் .315, இச்சாப்பூர் ஃபேக்டரி சரக்கு. ராணுவத்தோட .303 தோட்டா பொதுஜனத் துப்பாக்கிக்குப் பொருந்திடக்கூடாதுன்னு வெள்ளைக்காரன் பயந்ததால வந்த அளவு அது. அவன் போயும் அளவு போகலை.

மாமாவோட கணக்கு வேற. ரைபிள் குண்டு குறி தப்பினா கிலோமீட்டர் கணக்குல போகும். தோட்டத்துக்குப் பின்னாடி வீடு, அதுக்குப் பின்னாடி ரோடு, விடிகாலையில பால் கொண்டுபோற ஆளு. பன்னிரண்டு போர்ல எஸ்ஜி தோட்டா போட்டா நாலஞ்சு தென்னை தூரத்துக்குத்தான் வேலை செய்யும், அதுக்கப்புறம் வேகம் குறைஞ்சுடும். (பன்னிரண்டு போர்னா என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையா உருட்டினா, ஒரு உருண்டை உள்ளே போற அளவு குழல்.) கடையில நண்பர் காலிபர் பார்த்தது எதிர்ல நிக்கிற மிருகத்தை வச்சு. மாமா பார்க்கிறது மிருகத்துக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு.

இதுல தாத்தா ஞாபகமும் வந்துடுச்சு. அவர் இடுக்கியில, மூணாறு டீ எஸ்டேட்ல கணக்குப்பிள்ளை. துரைமார் வரையாடு வேட்டைக்குப் போன கதையெல்லாம் சொல்வார். அந்தத் துரைமாரே சங்கம் வச்சு, முதுவான்களைக் காவலுக்குப் போட்டு ஆட்டைக் காப்பாத்தினதும் உண்டு. அந்த மலை 1975ல இரவிகுளம் சரணாலயமாகி, 1978ல தேசியப் பூங்காவாச்சு. மலையாளி மேனேஜர், தமிழ் ஆளு எல்லாரும் ரைபிளைத் தூரத்துல நின்னு பார்த்ததோட சரி. தாத்தா காலத்துல துரை கையில இருந்தது, மகன் கையில தோட்டக்காவலா வந்து சேர்ந்திருக்கு.

மாமாவோட உண்மையான கவலை பன்னி இல்லை. "எனக்கப்புறம் இதை யாருக்குக் குடுக்கிறது?" பையன் பெங்களூர்ல, வேண்டவே வேண்டாங்கிறான். எனக்கு அமெரிக்க பாஸ்போர்ட், தவிர மருமகன் வாரிசு கணக்குல வரமாட்டான். 2016 ஆயுத விதிப்படி லைசென்ஸ்காரருக்கு எழுபது ஆயிட்டா வாரிசு பேருக்கு மாத்த விண்ணப்பிக்கலாம். நான் இதைப் படிச்சுச் சொன்னதும் போன்ல ஒரு அமைதி. அப்புறம் பின்னாலிருந்து மாமா பொண்ணு குரல்: "நான் எடுத்துக்கறேன்ப்பா."

சித்தூர்ல கூட்டுறவு பேங்க்ல வேலை பார்க்கிறா. ராத்திரி தகரடப்பா தட்டினதுல பாதி அவதான். மாமா திகைச்சுப் போயிட்டார். எனக்கே ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஏன் பையன்னே யோசிச்சோம்னு இன்னமும் தெரியலை. (முறைப்பொண்ணைப் பத்தி இவ்வளவு பெருமையான்னு தங்கமணி முறைச்சது தனிக்கதை.)

தேர்தல் முடிஞ்சு டிசம்பர் கடைசியில துப்பாக்கி வீடு திரும்புச்சு. குழல்ல ரெண்டு இடத்துல துரு. மாமா திண்ணையில உட்கார்ந்து எண்ணெய்த் துணியால தேய்க்கிற போட்டோவை வாட்ஸப்ல அனுப்பியிருந்தா. லைசென்ஸுக்கு முன்னாடி பயிற்சிச் சான்றிதழ் வேணுமாம், அதுக்கு விசாரிச்சுட்டு இருக்கா. ஜனவரியில பஞ்சாயத்து உத்தரவோட ஒரு பன்னியை மாமா சுட்டிருக்கார். கறியைத் தொடக்கூடாது, மண்ணெண்ணெய் ஊத்திப் புதைச்சாங்களாம்.

"உங்க ஃப்ரெண்டுக்கு மான் கிடைச்சுதா அத்தான்?"னு கேட்டா.

கிடைச்சுது. ரெண்டு பவுண்டு கறி பொட்டலம் கட்டி எனக்கும் கொடுத்தார். தங்கமணி அடுக்களைக்குள்ள விடலை. கராஜ் ஃப்ரீசர்ல இருக்கு, யாருக்காவது வேணுமா?