பாதம் கழுவுவோர் பார்க்க வேண்டியது

நாளொன்றுக்கு ஐந்து வேளை ஒளுச் செய்து பாதம் கழுவும் சமுதாயம் நம்முடையது. கால்விரல்களைக் கோதிக் கழுவுவதைச் சுன்னத்தாகவும் பேணி வருகிறோம். ஆயினும், கழுவிய பாதத்தை உற்று நோக்குகிறோமா?

நீரிழிவு உடையோர்க்கு இவ்வினா மிக முக்கியமானது. நெடுநாள் சர்க்கரையால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன. முள் தைத்தாலும் தெரிவதில்லை. இரத்த ஓட்டமும் குன்றுவதால் சிறு கீறலும் ஆறாப் புண்ணாகிவிடுகிறது.

நம் மஹல்லாவில் ஒரு பெரியவர், மருத்துவரிடம் சென்றால் கட்டுப் போட்டுத் தண்ணீர் படக்கூடாது என்பாரே, ஒளு என்னாவது என அஞ்சினார். பேரனின் தொண்டைப் புண்ணுக்கு வாங்கி எஞ்சியிருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை நான்கு நாள் விழுங்கினார். வலி இல்லாததால் கவலையும் இல்லை. இறுதியில் கிருமி எலும்பை எட்டி, இரு விரல்களை அகற்ற நேர்ந்தது.

கிருமிகள் ஓரினம் அல்ல. ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பன ஒரு வகை. நம் நாட்டில் அடிக்கடி காணப்படும் சூடோமோனாஸ் மற்றொரு வகை. ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றொன்றைக் கொல்லாமற் போகலாம். ஆதலால் புண்ணைத் தூய்மை செய்து, ஆழத்திலிருந்து சிறிது திசுவை எடுத்துச் சோதித்து, அதற்கேற்ப மருந்தைத் தேர்வதே முறை. மேலே பஞ்சால் ஒற்றியெடுப்பது போதாது. தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றே 2023-ஆம் ஆண்டின் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. தசையளவில் நின்ற தொற்றுக்குப் பொதுவாக 1 அல்லது 2 வாரம் மருந்து போதும். எலும்பை எட்டி, அதை அகற்றாவிடில் 6 வாரம் வரை ஆகலாம். அளவு குறைந்த மருந்து கிருமியைக் கொல்லாது, எதிர்க்கவே பழக்கிவிடும் எனப் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் தம் நோபல் உரையிலேயே எச்சரித்தார்.

அப்பெரியவரின் அச்சத்திற்கு மார்க்கத்தில் இடமே இல்லை. கட்டின் மீது மஸ்ஹுச் செய்வதையும், நீர் தீங்கு தருமிடத்துத் தயம்மும் செய்வதையும் மதரஸாவில் ஆண்டுதோறும் ஃபிக்ஹுப் பாடமாக நடத்தி வருகிறோம். அச்சட்டங்கள் இத்தகைய நோயாளிகளுக்காகவே உள்ளன. விவரத்தை அருகிலுள்ள ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். புண்ணை மறைத்துத் தொழ வேண்டியதில்லை.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். ஆகவே அன்பர்களே, ஒளுவுக்குப் பின் பாதத்தின் ஈரத்தைத் துடைத்து, விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் மூன்றையும் நாள்தோறும் பாருங்கள். பார்வை மங்கியோர்க்கு வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். புண் தென்பட்டால், வலி இல்லாவிடினும், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.