சீனியின் விலையும் கூலிக்காரனின் கூலியும்



கடையில் ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? விலையைப் பார்க்கிறோம், எடையைப் பார்க்கிறோம், காலாவதித் தேதியைப் பார்க்கிறோம். அப்பொருளை விளைவித்தவருக்கும் தைத்தவருக்கும் உரிய கூலி கிடைத்ததா என்ற செய்தி பெரும்பாலான பொட்டலங்களில் இருப்பதில்லை. விலையைக் கொடுத்துவிட்டோம், கணக்குத் தீர்ந்தது என்ற நிம்மதியோடு வீடு திரும்புகிறோம்.

நான் மெதடிஸ்து திருச்சபையில் வளர்ந்தவள். திருடாதே, பொய் சொல்லாதே என்று ஞாயிறுதோறும் கேட்டிருக்கிறேன். ஆனால், ஒரு கிறிஸ்தவர் எப்படிப் பொருள் வாங்க வேண்டும் என்று யாரும் விரிவாகச் சொல்லிக் கேட்டதில்லை. இத்தனைக்கும் கிறிஸ்தவ வரலாற்றில் இதுபற்றி நீண்டதொரு பாடம் இருக்கிறது. அப்பாடத்தின் பிற்பகுதி இம்மண்ணில் வாழும் தமிழர்களாகிய நம்மைப் பற்றியது என்பதனால் இங்கே எழுதத் துணிந்தேன்.

விவிலியத்தில் ஆமோஸ் என்னும் தீர்க்கதரிசி, அளவையைக் குறைத்து விலையை உயர்த்தும் வணிகர்களைக் கடுமையாகச் சாடுகிறார். ஒரு சோடிக் காலணியின் விலைக்கு ஏழை மனிதனையே வாங்கிவிடுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. யாக்கோபு எழுதிய நிருபத்திலோ இன்னும் கூர்மையான ஒரு காட்சி வருகிறது. அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுகிறது. அக்குரல் இறைவனின் செவிக்கு எட்டிவிட்டது என்கிறார் அவர். உழைத்தவன் வாய் திறக்க அஞ்சினாலும் அவனுக்குச் சேர வேண்டிய கூலி வாய் திறக்கும் என்பதே அதன் பொருள்.

இவ்விரண்டு கண்டனங்களும் முதலாளிகளை நோக்கியவை. அப்படியென்றால், அந்தத் தானியத்தை வாங்கி உண்டவருக்குப் பங்கே இல்லையா? இந்த வினாவைத் தம் வாழ்க்கை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

தையற்காரர் ஒருவரின் மனச்சான்று

ஜான் வுல்மன் 1720ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சிப் பகுதியில் பிறந்தவர்; குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். இளைஞராகக் கடையொன்றில் வேலை பார்த்தபோது, ஓர் அடிமைப் பெண்ணை விற்பதற்கான சீட்டை எழுதும்படி முதலாளி பணித்தார். எழுதினார், மனம் ஒப்பவில்லை. பிறகு அத்தகைய சீட்டுகளை எழுத மறுத்தார். சொந்தக் கடை வைத்தார். வியாபாரம் பெருகியபோது, இது என் தேவைக்கு மேற்பட்டது என்று அதைச் சுருக்கிக்கொண்டு தையல் தொழிலோடு நின்றார்.

அடிமைகள் உழைப்பில் விளைந்த சீனியை அவர் உண்ணாமல் விட்டார். அடிமைகளை வைத்திருந்தவர் வீட்டில் விருந்தினராகத் தங்க நேர்ந்தால், தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளின் கையில் காசு கொடுத்துவிட்டே வெளியேறுவார். ஒருமுறை மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்ல எண்ணினார். அடிமைத் தோட்டங்களின் சரக்குப் போக்குவரத்து மிகுந்திருந்ததால் கப்பல் கட்டணம் மலிவாக இருந்தது. அந்த மலிவுகூட அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்ததுதானே என்று எண்ணி, வழக்கமான கட்டணத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அப்பயணம் நடைபெறாமற் போனது வேறு செய்தி.

மலிவு விலையைக் கண்டால் நாம் மகிழ்கிறோம். வுல்மனோ, இது ஏன் மலிவாக இருக்கிறது என்று கேட்டார்.

சீனி வேண்டாம் என்ற குடும்பங்கள்

வுல்மன் 1772ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யார்க் நகரில் பெரியம்மை கண்டு காலமானார். அதன்பின் இருபது ஆண்டுகள் முடிவதற்குள் அவருடைய வினா அந்நாட்டுச் சமையலறைகளுக்குள் புகுந்துவிட்டது. அடிமை வணிகத்தை ஒழிக்க வேண்டும் என்று வில்பர்போர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் 1791 ஏப்ரலில் 88க்கு 163 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. மேற்கிந்தியத் தீவுகளின் தோட்ட முதலாளிகளுக்கும் கப்பல் வணிகர்களுக்கும் நாடாளுமன்றத்தில் இருந்த செல்வாக்கு அத்தகையது. சட்டத்தின் கதவு மூடப்பட்டபோது மக்கள் கடையின் கதவைத் தட்டினர்.

அதே ஆண்டில் வில்லியம் பாக்ஸ் என்பவர், மேற்கிந்தியச் சீனியையும் ரம்மையும் தவிர்க்கும்படி ஒரு சிறு பிரசுரம் எழுதினார். பாப்டிஸ்து சபையைச் சேர்ந்த மார்த்தா கர்னி என்ற புத்தக வணிகப் பெண்மணி அதை அவரோடு சேர்ந்து வெளியிட்டார். சில மாதங்களில் ஏறத்தாழ 70,000 படிகள் பரவின. வாரம் ஐந்து பவுண்டு சீனி வாங்கும் ஒரு குடும்பம் 21 மாதங்கள் அதை நிறுத்திவிட்டால் ஒரு மனிதன் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாம் என்று பாக்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். திருடிய பொருளை வாங்குபவர் இருப்பதனால்தான் திருடன் இருக்கிறான் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

சுமார் 3,00,000 பேர் சீனியைக் கைவிட்டதாகத் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். இதில் பெண்களின் பங்கு பெரிது. அவர்களுக்கு அப்போது வாக்குரிமை இல்லை. ஆனால் வீட்டுக்கு என்ன வாங்குவது என்று முடிவு செய்யும் உரிமை இருந்தது. 1820களில் லெஸ்டர் நகரத்து எலிசபெத் ஹேரிக், மளிகைக் கடை மளிகைக் கடையாகச் சென்று அடிமைச் சீனியை விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

திருச்சபையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியவள் ஆகமாட்டேன். பார்படோஸ் தீவின் கோட்ரிங்டன் கரும்புத் தோட்டங்கள் இங்கிலாந்துத் திருச்சபையின் மறைபரப்புச் சங்கத்துக்குச் சொந்தமாக இருந்தவை. அங்கிருந்த அடிமைகளின் மார்பில் ‘சங்கம்’ என்ற ஆங்கிலச் சொல் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொறிக்கப்பட்டது. ஜெபம் செய்த கைகளே சூட்டுக்கோலையும் பிடித்தன. இதற்காக அத்திருச்சபை மன்னிப்புக் கேட்டது 2006ஆம் ஆண்டில்தான்.

நம் முன்னோர் வந்து சேர்ந்த இடம்

1833ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் தோட்டங்களில் அடிமை முறையை ஒழித்தது. அரசாங்கம் 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கியது. அது போய்ச் சேர்ந்தது அடிமைகளை வைத்திருந்தவர்களிடம். அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

ஆயினும் சீனிக்கான ஆசை குறையவில்லை. மலிவான சீனிக்கான ஆசையோ சிறிதும் குறையவில்லை. ஆகவே முதலாளிகள் மலிவான ஆட்களைத் தேடினர். 1834ஆம் ஆண்டிலேயே இந்தியக் கூலிகளை ஏற்றிய கப்பல் மொரிசியஸ் தீவை அடைந்துவிட்டது. நம் நாட்டில் பினாங்கின் எதிர்க்கரையில், இன்று செபராங் பிறை என்று நாம் அழைக்கும் பகுதியில், 1840களில் ஐரோப்பியர் பெரிய அளவில் கரும்பு பயிரிடத் தொடங்கினர். பத்து காவானும் கலிடோனியாவும் அக்காலத்தில் கரும்புத் தோட்டங்கள். அங்கே வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் நம்மவர்கள்.

அவர்கள் அடிமைகள் அல்லர். கைநாட்டு வைத்த ஒப்பந்தம் இருந்தது. ஆனால் கப்பற்செலவு அவர்கள் தலையில் கடனாக ஏற்றப்பட்டு, கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம். சிறைக்கும் போக நேரலாம். வேலை கொடுப்பவரே வீட்டையும் மருந்தையும் அரிசியையும் கொடுப்பவராக இருந்தார். ஒரே கையில் அத்தனை அதிகாரமும் குவிந்திருக்கும்போது கூலிக்காரர் யாரிடம் போய் முறையிடுவார்? இம்முறை மலாயாவில் 1910ஆம் ஆண்டில்தான் நிறுத்தப்பட்டது.

1820களில் இங்கிலாந்தில் ஒரு சீனிக் கிண்ணம் விற்பனையாயிற்று. இது கிழக்கிந்தியச் சீனி, அடிமைகளால் செய்யப்பட்டதன்று என்ற செய்தி அதன்மேல் எழுதப்பட்டிருந்தது. அதை மேசைமேல் வைத்தவர்கள் நல்லவர்கள். அவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால், கிண்ணத்தின்மேல் அடிமை இல்லை என்று எழுதிவிட்டால் வினா முடிந்துவிடுகிறது. அந்தக் கூலிக்காரர் விரும்பினால் வேலையை விட்டுப் போக முடியுமா? அவர் கூலி முழுமையாகக் கைக்கு வருகிறதா? நோயுற்றால் அவரைக் கவனிப்பவர் யார்? இவற்றைக் கிண்ணம் கேட்கவில்லை. பெயர் மாறியது, கடன் சங்கிலி நம் கால்களில் விழுந்தது.

எனவே, அறத்தோடு பொருள் வாங்குவது என்பது நல்ல முத்திரை குத்திய பொருளைத் தேடி எடுத்துவிட்டு அமைதி அடைவதன்று என்று நான் கருதுகிறேன். முத்திரை உதவும். ஆனால் கேட்பதை நிறுத்தாமலிருப்பதே அதன் உயிர்.

ஒரு மாணவனின் வினா

பள்ளியில் நான் விவிலியம் பேசுவதில்லை. அது அதற்குரிய இடமன்று. ஆனால், நன்னெறிக் கல்விப் பாடத்தில் நீதியைப் பற்றிப் பேசும்போது இந்தச் சீனிக் கதையைச் சொல்வதுண்டு. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கை தூக்கினான்.

“டீச்சர், எல்லாரும் சீனி வாங்காமல் விட்டால் முதலாளி அந்த ஆள்களுக்குச் சாப்பாடு கொடுக்க மாட்டார்தானே?”

பெரியவர்கள் பலர் கேட்கத் தவறும் வினா இது. வாங்காமல் விலகிக்கொள்வது நம் மனத்தைத் தூய்மையாக்கலாம். அவர் அடுப்பை அணைத்தும்விடலாம். அவனுக்கு நான் சொன்ன விடையை அண்மைக்கால நிகழ்வு ஒன்றைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

2020 ஜூலையில், நம் நாட்டின் பெரிய கையுறை நிறுவனமான டாப் குளோவின் துணை நிறுவனங்கள் இரண்டின் கையுறைகளை அமெரிக்கச் சுங்கத் துறை தன் நாட்டுக்குள் விட மறுத்தது. அந்நியத் தொழிலாளர்கள் வேலைக்காகக் கட்டிய முகவர் கட்டணம் அவர்களைக் கடனில் கட்டிவைத்திருந்தது என்பது முக்கியமான காரணங்களுள் ஒன்று. நிறுவனம் அக்கட்டணத்தைத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. அதே 2020 டிசம்பரில், அப்போது சைம் டார்பி பிளாண்டேஷன் என்றழைக்கப்பட்ட நிறுவனத்தின் செம்பனை எண்ணெய்க்கும், கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகக் கூறித் தடை வந்தது. நிலைமை திருத்தப்பட்ட பின் 2023ஆம் ஆண்டில் அது விலக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வாங்குபவர் வெறுமனே முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இன்ன குறை இருக்கிறது, இதைத் திருத்தினால் மீண்டும் வாங்குவோம் என்றார். அதனால் உழைத்தவர் கைக்குப் பணம் வந்தது. வுல்மன் அடிமைச் சீனியையும் மறுத்தார். பணிவிடை செய்தவர் கையில் காசும் கொடுத்தார். இரண்டும் சேர்ந்தால்தான் அது அன்பு.

நம்மால் ஆகக்கூடியது

விலையுயர்ந்த ‘நியாய வணிகப்’ பொருள்களையே வாங்குங்கள் என்று பெற்றோர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாதக் கடைசியில் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் தாயின்மீது இன்னொரு பாரத்தை ஏற்றுவது நீதியாகாது. அதிகம் வாங்குபவருக்கே பொறுப்பும் அதிகம். பள்ளி, ஆலயம், சங்கம் போன்ற அமைப்புகள் மொத்தமாக வாங்குகின்றன. கடைக்காரர் அவர்களுக்குச் செவிசாய்ப்பார்.

எங்கள் ஆலயத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்காக 80 சட்டைகள் வாங்க வேண்டியிருந்தது. மிகக் குறைந்த விலை கூறியவரிடம், இவற்றைத் தைப்பவர்கள் யார், எங்கே என்று கேட்டோம். “அதெல்லாம் எதற்கு அக்கா? விலை பிடித்திருக்கிறதா, சொல்லுங்கள்,” என்றார். இன்னொருவர் தம் சிறிய தையற்கூடத்துக்கு அழைத்துச் சென்று காட்டினார். சட்டைக்கு இரண்டு வெள்ளி கூடுதல். குழுவில் சற்று விவாதம் நடந்தது. இறுதியில், முந்தைய ஆண்டின் சட்டை பொருந்தும் பிள்ளைகள் அதையே அணியட்டும் என்று முடிவு செய்து, 50 சட்டைகளை மட்டும் இரண்டாமவரிடம் தைத்தோம். செலவு கூடவில்லை, குறைந்தது. தேவையைச் சுருக்குவதும் அறமே என்பதை வுல்மன் தம் கடையைச் சுருக்கியபோதே காட்டிவிட்டார்.

விளையாட்டுப் போட்டிக்குச் சட்டை வாங்கும்போதும் பெருநாளுக்குப் பரிசுக்கூடை வாங்கும்போதும் இவ்வாறு ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் முன்னிலையில் கேளுங்கள். விடை கிடைக்காமற் போகலாம்; ஆனால் கேட்கத்தக்க கேள்வி இது என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

நம் முன்னோர் வெட்டிய கரும்பின் சீனி எங்கோ ஒரு வீட்டில் தேநீரில் கரைந்தபோது, அவர்களைப் பற்றி அங்கே யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இன்று செம்பனைக் குலையை வெட்டுபவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசத்தவராகவோ நேப்பாளியராகவோ இருக்கலாம். அவருடைய கடப்பிதழ் அவர் கையிலேயே இருக்கிறதா, ஊரில் வாங்கிய கடன் தீர்ந்ததா என்று கேட்கும் கடமை வேறு யாரையும்விட நமக்கே அதிகம் உண்டு. கூலியின் குரல் எப்படி இருக்கும் என்பதை நம் பாட்டன்மார் அறிந்திருந்தார்கள்.