எண்ணெய் எங்கே போகிறது

எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே வினைச்சொல்லில் அடைத்துவிடுகிறோம். எண்ணெய் கசியலாம், எரியலாம், வெளியே துப்பப்படலாம். கசிவு கேஸ்கெட், ஸீல்களின் குறை. எரிவது பிஸ்டன் வளையங்கள், வால்வ் கைடுகளின் தேய்மானம். துப்பப்படுவது பெரும்பாலும் நம் பழக்கத்தின் விளைவு. விமானத்தின் வயிற்றில் மூன்றும் ஒரே கறுப்புப் பிசுக்காகத்தான் வந்து சேர்கின்றன.

நான் பழுது பார்க்கும் பயிற்சி விமானம் ஒன்றில் லைகாமிங் ஓ-320 எஞ்சின். நாலு சிலிண்டர், 160 குதிரைசக்தி. எண்ணெய்த் தொட்டி 8 குவார்ட் கொள்ளும். குவார்ட் என்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவு. தினமும் காலையில் ஒரு மாணவர் அளவுகோலை உருவிப் பார்ப்பார். 6-ல் நிற்கும். 8 வரை ஊற்றுவார். நாலு மணி நேரப் பறப்புக்குப் பிறகு மறுபடி 6.

தயாரிப்பாளர் ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். 0.006-ஐக் குதிரைசக்தியாலும் 4-ஆலும் பெருக்கி 7.4-ஆல் வகுத்தால், மணிக்கு எத்தனை குவார்ட் வரை செலவாகலாம் என்று வரும். இந்த எஞ்சினுக்கு அரை குவார்ட்டும் கொஞ்சமும். எங்கள் கணக்கு வரம்பின் விளிம்பில் நின்றது. "நாலு சிலிண்டரையும் கழட்டிடுங்க சார், புது வளையம் போட்டுடலாம்" என்றார் நிர்வாகி.

நான் எஞ்சினைக் கழுவித் துடைத்துத் தரையில் சற்று நேரம் ஓட்டிவிட்டு டார்ச் விளக்குடன் பார்த்தேன். ராக்கர் மூடிகள், புஷ்ராட் குழாய்கள், ஆயில் கூலர் ஹோஸ்கள், முன்புற க்ராங்க்‌ஷாஃப்ட் ஸீல் எல்லாம் உலர்ந்திருந்தன. பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினேன். இந்தச் சோதனையில் மீட்டரைவிடக் காது முக்கியம். புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ். கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வ். எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் வளையங்கள். நாலு சிலிண்டரும் 70-க்கு மேல் நின்றன. எண்ணெய் வாயில் ஒரு மெல்லிய மூச்சு மட்டும். அது நல்ல எஞ்சினிலும் உண்டு. அடி ஸ்பார்க் பிளக்குகளில் எண்ணெய் ஈரம் இல்லை.

மிச்சமிருந்தது மூச்சுக்குழாய். வளையங்களைத் தாண்டி வரும் வாயு க்ராங்க்கேஸிலிருந்து வெளியேற அது ஒன்றே வழி. உள்ளே சுழலும் தண்டு எண்ணெயை மூடுபனியாக அடித்துவைத்திருக்கும். மட்டம் உயர உயர வாயு அந்தப் பனியையும் வாரிக்கொண்டு போகும். (குளிர் தேசங்களில் இந்தக் குழாயின் முனை உறைந்து அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறி, முன்புற ஸீல் பிதுங்கிவிடுவதுண்டு. குற்றம் ஸீலினுடையதல்ல.)

இனி 6-க்கு மேல் ஊற்ற வேண்டாம், 5-ஐ நெருங்கினால் மட்டும் ஒரு குவார்ட் என்றேன். "இவ்வளவு குறைச்சலா வெச்சு அனுப்பி, மேலே எஞ்சின் நின்னுட்டா யார் பதில் சொல்றது?" நியாயமான கேள்வி. பறப்பவர்களில் பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. லாக் புத்தகத்தில் இருப்பது என் கையெழுத்து. ஆனால் தொட்டியில் 2 குவார்ட் இருந்தாலும் எஞ்சினுக்கு ஆபத்தில்லை என்பது தயாரிப்பாளர் கணக்கு. விமானக் கையேடு அதைவிட அதிகம் கேட்கிறது. நான் சொன்னது இரண்டுக்கும் மேலே. அடுத்த 25 மணி நேரத்தில் குறித்துவைத்தோம். ஒரு குவார்ட் 12 மணி நேரம் வந்தது.

சிலிண்டரைக் கழற்றியிருந்தால்? அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் சில எஞ்சினின் இரு பாதிகளையும் ஊடுருவி இறுக்கிப் பிடிப்பவை. அவற்றைத் தளர்த்துவது கெடாத இடத்தில் கை வைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் வேலை செய்த ஸி. ஹெச். வாடிங்டன் ஒன்றைக் கவனித்தார்: குறித்த காலப் பரிசோதனை முடிந்த உடனே பழுதுகள் அதிகரித்தன, பிறகு மெல்லத் தணிந்தன. இந்த வேலை பற்றிய அவர் புத்தகம் 1973-ல்தான் வெளிவந்தது. அவர் கருவியல் விஞ்ஞானி. நவீன ஓவியத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள உறவு பற்றி 1969-ல் ஒரு நூலும் எழுதியவர். பார்ப்பதற்கும் கை வைப்பதற்கும் உள்ள தூரத்தை இரண்டு துறைகளிலும் அறிந்திருக்க வேண்டும்.

தொடாமலிருப்பதே எப்போதும் சரி என்றும் இல்லை. புது வளையம் போட்ட எஞ்சினைப் பரிதாபப்பட்டு மெதுவாக ஓட்டினால் சிலிண்டர் சுவரில் கண்ணாடிபோல ஒரு படலம் படிந்து, வளையம் சுவரோடு பொருந்தாமலே போய்விடும். அதன் பிறகு அது நிஜமாகவே எண்ணெய் எரிக்கும். முரட்டுத்தனம் வேண்டிய இடமும் உண்டு. எந்த இடம் என்பதுதான் பிரச்னை. நம்மிடையே ஒரு கவிதையைக் கையில் எடுத்ததும் சிலிண்டரைக் கழற்றுகிறவர்கள் அதிகம். கழுவித் துடைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

நிர்வாகி இன்னும் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. அளவுகோலில் 8 வரை கோடு இருக்கும்போது 6 போதும் என்பது அவருக்குக் கஞ்சத்தனமாகப் படுகிறது.