படிப்பு முடியட்டும்

ஜனக்புரியில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பெண் குழந்தை பிறந்தால், அதற்கு ஆறு வயது நிரம்புவதற்குள் பரதநாட்டிய வகுப்பு நிச்சயமாகிவிடும். ஆண் குழந்தையாயின் மிருதங்கமோ, கீபோர்டோ, கிரிக்கெட் மட்டையோ கைக்கு வந்து சேரும். அவன் கால்களைப் பற்றி ஒருவரும் நினைப்பதில்லை. எங்கள் இல்லமும் இந்த நியதிக்கு விலக்கன்று. மகளுக்கு நாட்டியம் கற்பித்து, பதினான்காம் வயதில் அரங்கேற்றமும் செய்வித்து, பக்கவாத்தியத்திற்கும் பட்டுக்கும் ஆன கடனை இரண்டு ஆண்டுகள் அடைத்தோம். அதில் எங்களுக்கு வருத்தம் சிறிதும் இல்லை. ஆனால் நாங்கள் சொல்ல வந்தது மகளைப் பற்றியன்று. அவளுக்கு நான்கு வயது இளையவனான மகனைப் பற்றி.

வீட்டில் தனியே விட இயலாமல் அவனையும் வகுப்புக்கு இட்டுச் செல்வோம். செருப்புகளுக்குக் காவலாக வாயிற்படியில் உட்கார்ந்திருப்பான். ஓராண்டு கழிந்து ஒரு நாள், அக்காள் நாட்டடவு ஒன்றில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, சமையலறை வாயிலில் நின்று சொற்கட்டை வாயாலேயே சொல்லி, அதனைப் பிழையின்றி ஆடிக் காட்டினான். நாங்கள் சிரித்தோம். மறு வாரம் ஆசிரியையிடம் இதை வேடிக்கையாகச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நாளை முதல் அவனையும் உள்ளே அனுப்புங்கள்" என்றார்.

ஐந்தாறு ஆண்டுகள் ஆடினான். "ஆண்பிள்ளைக்கு ஆட்டம் எதற்கு?" என்று கேட்ட நண்பர்கள் உண்டு. அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்த நட்டுவனார்களுள் பெரும்பாலோர் ஆண்களே என்பதும், வழக்கறிஞரான ஈ. கிருஷ்ண ஐயர் பெண் வேடம் பூண்டு மேடையில் ஆடி அக்கலைக்காக வாதாடினார் என்பதும் அவர்கள் அறியாதவை அல்ல. அறிந்தது வேறு, தம் வீட்டுப் பிள்ளை வேறு.

பதினைந்தாம் வயதில் பள்ளிகளுக்கிடையே நடந்த நடனப் போட்டி ஒன்றில் நவீன நடனம் ஆடினான். பார்க்க வந்திருந்த பயிற்சியாளர் ஒருவர் எங்களிடம் வந்து, இவன் இடுப்பும் பாதமும் பாலே நடனத்திற்கு அமைந்தவை என்றும், உடனே சேர்த்தால் நன்று என்றும் சொன்னார். நாங்கள் பணிவோடு வணங்கி, "பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும்" என்றோம். அது முடிந்தபோது, "பட்டம் முடியட்டும்" என்றோம். பட்டமும் முடிந்தது, "உத்தியோகம் ஒன்று அமையட்டும், பிறகு உன் விருப்பம்" என்றோம். பிள்ளையை அடித்ததில்லை, அதட்டியதில்லை, வேண்டாம் என்ற சொல்லைச் சொன்னதே இல்லை. அதில் எங்களுக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் அவன் குருகிராம் அலுவலகம் மூடப்பட்டு, மடிக்கணினியும் பெட்டியுமாக வீடு வந்து சேர்ந்தான். ஓர் இரவு அவனே தேர்ந்து ஒரு படத்தைப் போட்டான். அவ்வாண்டு பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'யே பாலே'. சூனி தாராபோர்வாலா இயக்கியது. மும்பையில் வறிய குடும்பத்துச் சிறுவர் இருவர். ஒருவனுடைய தந்தை டாக்சி ஓட்டுபவர். வெளிநாட்டு ஆசான் ஒருவர் கையில் அவ்விருவரும் சிக்குகின்றனர். ஒரே ஆசான், ஒரே கூடம். ஆதலால் ஒருவனுக்கு ஒருவன் துணையும் போட்டியுமாகின்றனர்.

இது கற்பனை அன்று. யெஹுதா மாவோர் என்ற முதிய இஸ்ரேலிய ஆசிரியரிடம் மும்பையில் பயின்ற அமிருத்தீன் ஷா, மணீஷ் சௌகான் இருவரின் வரலாறே அது. அமிருத்தீன் 2017-இல் லண்டன் ராயல் பாலே பள்ளியில் சேர்ந்துவிட்டார். மணீஷோ படத்தில் தம் கதையைத் தாமே நடித்தார். திறமையில் இருவருக்கும் குறைவில்லை. ஒருவர் பள்ளிச் சிறுவனாக வந்தார், மற்றவர் கல்லூரி வயதில் வந்தார். மணீஷ் பிறகு நவீன நடனத்தின் பக்கம் சென்று அமெரிக்காவில் ஆடும் நிலைக்கு உயர்ந்ததை 2023-இல் வந்த 'கால் மீ டான்சர்' என்ற ஆவணப்படம் காட்டுகிறது. அதனையும் பார்த்தோம். ஆசானுக்கும் மாணவனுக்கும் உள்ள பாசத்தை அதில் காண்பது ஒரு பேறு. கதைப்படத்தைவிட எங்களுக்கு அதுவே பிடித்தது.

வயதில் அப்படி என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டவர்கள்தாம். பாலே ஆடுவோர் கால்களைத் தொடை மூட்டிலிருந்தே வெளிப்புறம் திருப்பி நிற்க வேண்டும். நம் அரைமண்டியிலும் அதே திருப்பம் உண்டு. நாம் முழங்காலை மடித்துப் பூமியை நாடுகிறோம், அவர்கள் காலை நீட்டி வானத்தை நாடுகிறார்கள், அவ்வளவே. எலும்பும் தசைநாரும் இளகியிருக்கும் பருவத்தில் இது பழகிவிட்டால் உடலின் இயல்பாகிவிடும். பருவம் தப்பியபின் வருந்திப் பயின்றாலும் ஓரளவே கைகூடும். கணக்கையும் ஆங்கிலத்தையும் முப்பது வயதிலும் படிக்கலாம்; இதைப் படிக்க முடியாது. நாங்கள் எதை முதலில் வைத்தோம், எதைப் பிறகென்று ஒத்திவைத்தோம் என்பது வாசகர்களுக்கு இப்போது விளங்கும்.

படத்தில் சிறுவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதற்பாடம் பயிலும் கட்டம் வந்தபோது மகன் எழுந்து தண்ணீர் குடிக்கச் சென்றான். திரும்பி வரத் தாமதமாயிற்று. எட்டிப் பார்த்தோம். சமையல் மேடையின் விளிம்பை ஒரு கையால் பற்றி, குதிகால்கள் ஒட்டியிருக்க, பாதங்களை இருபுறமும் அகல விரித்து நின்றுகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் பாதங்களை நேராக்கிக்கொண்டான்.

அன்றிரவு அவன் தாய்தான் கேட்டாள்: "அப்போதே உன்னை அனுப்பியிருக்கலாமோடா?"

"நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அம்மா. அப்புறம் என்று சொன்னீர்கள். நான் காத்துக்கொண்டிருந்தேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு உறங்கப் போய்விட்டான்.

அதே ஆண்டில் செய்தித்தாள்களில் இன்னொரு பெயரைப் படித்தோம். கமல் சிங் என்ற இருபது வயது இளைஞர், லண்டனில் உள்ள இங்கிலீஷ் நேஷனல் பாலே பள்ளியின் தொழில்முறைப் பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தார். தந்தை இ-ரிக்‌ஷா ஓட்டுபவர், வீடு விகாஸ்புரி! எங்கள் குடியிருப்பிலிருந்து நடந்தே போகலாம். மெட்ரோ நிலையத்திலிருந்து காய்கறிப் பையோடு எத்தனை முறை அத்தகைய வண்டிகளில் வந்திருக்கிறோம். அவற்றுள் ஒன்று அவருடையதாகவே இருந்திருக்கலாம். 'ஏ.பி.சி.டி.' என்ற இந்திப் படத்தில் பாலே ஆடுவோரைக் கண்டு மனம் பறிகொடுத்து, பதினேழாம் வயதில்தான் அவர் கற்கத் தொடங்கினாராம். டில்லியில் பாலே பள்ளி நடத்தும் அர்ஜென்டினா நாட்டவர் பெர்னாண்டோ அகிலேரா கட்டணமின்றிக் கற்பித்தார். லண்டன் செலவுக்குப் பொதுமக்கள் இணையத்தின் வழியே பணம் திரட்டினர். நடிகர் ஹிருத்திக் ரோஷனும் உதவினார். எங்களுக்கோ மாதச் சம்பளமும், சொந்த வீடும், வாயில் தேடி வந்து சொன்ன பயிற்சியாளரும் இருந்தனர்.

அந்நிய நாட்டு ஆட்டம் நமக்கெதற்கு என்று அந்நாளில் எங்களை நாங்களே தேற்றிக்கொண்டதுண்டு. அதற்கும் விடை நம் ஊரிலேயே இருந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் மனம் பறிகொடுத்தது பாலே நடனத்திடம். ரஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் அதைப் பயின்றார். உன் நாட்டுக் கலையையும் தேடிப் பார் என்று அவரைத் தூண்டியவர் பாவ்லோவாவே. அதன் பின்னரே பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் பயின்று, 1935-இல் அடையாற்றில் அரங்கேறி, 1936-இல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது என்று ஒரு நண்பர் எங்களுக்கு ஆறுதலாகச் சொன்னார். அவர் நல்ல மனிதர்; ஆனால் ஆறுதல் வேண்டியவன் அவரைக் கேட்கவில்லை.

மகன் மீண்டும் குருகிராம் அலுவலகத்துக்குப் போய் வருகிறான். வேலையில் நல்ல பெயர். சனிக்கிழமை மாலைகளில் மட்டும் வேறெதற்கும் ஒப்புக்கொள்வதில்லை. மகளுடைய எட்டு வயதுப் பிள்ளையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நடன வகுப்பில் விட்டு, முடியும் வரை வாயிற்படியில், செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான். மாமாவும் ஏன் உள்ளே வரக்கூடாது என்று குழந்தை எங்களைக் கேட்கிறது.

சென்ற வாரம் டியூஷன் ஆசிரியர் தொலைபேசியில் பேசினார். குழந்தை கணக்கில் கெட்டிக்காரனாம். ஒலிம்பியாட் தேர்வுக்குத் தனியே பயிற்றலாமாம். அவருக்கு ஒழிந்த நேரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணி ஒன்றுதானாம். மகள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். மகன் பார்க்கவில்லை; ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு நின்றான். வேறு நாள் கிடைத்தால் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லித் தொலைபேசியை வைத்தோம்.