கல்லூரி வாசலை எப்போது காட்டுவது?



கோவையில் மருதமலை செல்லும் வழியில், லாலி ரோட்டை அடுத்துத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரந்து கிடக்கிறது. 1906-இல் சைதாப்பேட்டையிலிருந்து இடம்பெயர்ந்த வேளாண் கல்லூரியே 1971-இல் பல்கலைக்கழகமாயிற்று. ஒரு விடுமுறை நாளில் எங்கள் மதரஸா மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றேன். தாவரவியல் பூங்காவையும், 2018-இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தையும் வியப்புடன் கண்டனர்.

பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் பயிலும் ஒருவன் மட்டும் வயலோரம் நின்றுவிட்டான்.

“ஹஜ்ரத், நான் இங்கே சேர முடியுமா?”

வேளாண்மைப் பட்டப்படிப்புக்கு மேனிலை வகுப்பில் அறிவியல் பாடங்களோ, வேளாண்மைத் தொழிற்பிரிவோ படித்திருக்க வேண்டும் என்றேன். அவன் முகம் வாடிற்று.

“போன வருஷமே கூட்டி வந்திருக்கலாமே!”

என்னிடம் பதிலில்லை.

பெற்றோர்களே! பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும் என்று நாம் காத்திருக்கிறோம். ஆனால் பாதை பிரிவது பத்தாம் வகுப்பு முடிந்தவுடனேயே. ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே மகனையும் மகளையும் அழைத்துச் சென்று கல்லூரிகளைக் காட்டுங்கள். இதே கோவையில் 1852-இல் பள்ளியாகத் தோன்றிய அரசு கலைக் கல்லூரியும், 1945-இல் தொடங்கிய அரசு தொழில்நுட்பக் கல்லூரியும், பெண்களுக்கென 1957-இல் எழுந்த அவினாசிலிங்கம் நிறுவனமும் உள்ளன. எந்தப் படிப்புக்கு எந்தப் பிரிவு வேண்டும் என்று அங்கேயே விசாரியுங்கள்.

அந்த மாணவனின் தம்பி இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். இன்ஷா அல்லாஹ், வரும் விடுமுறையில் அவனை அழைத்துச் செல்வேன்.